பெண்கழுகின் நிழல்

மேலவடலிவிளையில் காற்றாலைக் காத்தாடி அடித்துச் செத்த பறவையின் நிழல் தரையை விட்டுப் போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் இது பழகிப்போய் நாலு வருஷம் ஆன பிறகும் ஆவுடைக்கனிக்கு மட்டும் வயிறு ஆறவில்லை, ஏனென்றால் அவள் நிலத்தில் நின்ற காத்தாடியில் ஒரு தவிட்டுக்குருவிகூட அடிபட்டதில்லை, அவள் கொழுந்தன் பெண்டாட்டி தங்கபுஷ்பத்தின் நிலத்திலோ பதினேழு நிழல்கள் கிடந்தன.

ஆடி மாசம் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த ஊரில் ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்றுக்காகத்தான் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், விளைநிலத்துக்கு ஒன்றாகக் கரண்ட் எடுக்கிற காத்தாடி நட்டார்கள், காற்று தடையில்லாமல் வரட்டும் என்று உடைமரங்களையும் வேம்புகளையும் வெட்டினார்கள். ஊர்க்காரர்களும் சம்மதித்துத்தான் வெட்டினார்கள். அதற்கப்புறம் சித்திரை வெயிலில் ஒதுங்க ஒரு இடம் இல்லை என்பது வெட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. காத்தாடியின் நிழல் என்னவோ பெரிசுதான், ஆனால் மூன்று இறக்கையும் தரையில் ஓடிக்கொண்டே இருக்கிற அந்த நிழலில் யாராலும் உட்கார முடியாது. உட்கார்ந்தால் வெயில் வந்து வந்து கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கும்.

முதல் கோடையில் தங்கபுஷ்பத்தின் காத்தாடியில் ஒரு பருந்து அடிபட்டு விழுந்தது. உடம்பை மத்தியானத்துக்குள் நாய் கொண்டுபோய்விட்டது, நிழல் அங்கேயே கிடந்தது. முதல் நாள் முறம் அளவு இருந்தது, பத்தாம் நாள் பாய் அளவு ஆனது, நாற்பதாம் நாள் ஒரு கயிற்றுக்கட்டில் அளவுக்கு விரிந்து, வருஷம் திரும்பியபோது வில்வண்டி ஒன்றை மாட்டோடு நிறுத்தி வைக்கலாம் என்கிற அளவுக்கு வந்து நின்றது. அதில் உட்கார்ந்தால் புளியமரத்தடியில் உட்கார்ந்த குளிர்ச்சி இருந்தது. காற்று அடிக்கும்போது நிழலின் ஓரங்கள் மட்டும் லேசாகச் சிலிர்த்துக்கொள்ளும்.

ஊர்க்காரர்கள் அதைப் பாய் மாதிரி சுருட்டிப் பார்த்தார்கள், வரவில்லை. தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தார்கள், ஈரமானதே தவிர போகவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் கணக்குப் பாடத்துக்காகப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நீளமும் அகலமும் அளந்துகொண்டு போனார். பிறகு பஞ்சாயத்துக் கூடி, எவர் நிலத்தில் கிடக்கிறதோ அவருடையது நிழல், ஆனால் களைத்து வந்து உட்காருகிறவரை எழுந்திரு என்று சொல்லக்கூடாது என்று முடிவு செய்தது. அதன் பின் யாரும் அதைப் பற்றி வியந்து பேசவில்லை, உபயோகித்தார்கள். பஞ்சுருட்டான் குருவியின் நிழலில் தண்ணீர்ப்பானை வைத்தார்கள். கிளி நிழலில் கோழியை அடைக்கு வைத்தார்கள். பருந்து நிழலில் நாலைந்து பெண்கள் கூடிப் புளி தட்டினார்கள். வழிதவறி வந்து அடிபட்ட ஒரு கூழைக்கடாப் பறவையின் நிழலில் தங்கபுஷ்பத்தின் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மூன்று பந்தி சாப்பாடு நடந்தது, பந்தலே போடவில்லை.

ஆவுடைக்கனி அந்தப் பந்தியில் உட்காரவில்லை. வெயிலில் நின்று பரிமாறிவிட்டு வீட்டுக்கு வந்து பழையதைக் கரைத்துக் குடித்தாள்.

அவளும் தங்கபுஷ்பமும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். பாகப்பிரிவினையில் பள்ளத்து நிலம் மூத்தவனான ஆவுடைக்கனி புருஷன் பரமார்த்தலிங்கத்துக்கும் மேட்டு நிலம் இளையவன் சுயம்புலிங்கத்துக்கும் விழுந்தது. மலைக்காற்றில் மிதந்து வருகிற பறவைகளெல்லாம் மேட்டுப் பக்கமாகவே வந்து மேட்டுக் காத்தாடியிலேயே அடிபட்டன. தங்கபுஷ்பத்துக்கு இதில் ஒரு பெருமையும் கிடையாது. அவள் ஒவ்வொரு பறவை விழும்போதும் ஐயோ என்று சொல்லிக்கொண்டு ஓடி, உயிர் இருக்கிறதா என்று வாயில் தண்ணீர் விட்டுப் பார்க்கிறவள். வெயிலில் நிற்கிற ஆவுடைக்கனியைப் பார்த்து, "அக்கா, இங்கன வந்து இரிங்களேன், எம்புட்டு எடம் கெடக்கு" என்று மேட்டிலிருந்து கூப்பிடுகிறவள். அந்தக் கூப்பாடு காதில் விழும்போதுதான் ஆவுடைக்கனிக்கு அடிவயிற்றில் தீ பிடிக்கும். "எனக்கு வெயிலு ஒத்துக்கிடும்" என்று பதில் சொல்லிவிட்டு நாலு கோடையும் வெயிலிலேயே நின்றாள்.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பாள். பரமார்த்தலிங்கம் மத்தியானமானால் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தம்பி நிலத்துக்குப் போய்ப் பருந்து நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் காச்சின கஞ்சிதான? நம்ம நெலத்துல இருந்து குடிச்சா தொண்டையில எறங்காதோ?"

"எறங்கும். வெயிலும் சேந்து எறங்கும்."

"அங்க அப்பிடி என்ன இருக்கு?"

"நெழல் இருக்கு" என்றார் அவர். மனுஷர் பொய் சொல்லத் தெரியாதவர். அவர் பொய்யாக வேறு ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வருஷம் மாசியில் ஜெபசெல்வி என்ற பெண் பறவைக் கணக்கு எடுக்க வந்தாள். தோளில் தொலைநோக்கி, கையில் ஒரு நோட்டு. மற்ற ஊர்களில் செத்த பறவைகளை நாயும் நரியும் விடிவதற்குள் கொண்டுபோய்விடுவதால் எத்தனை செத்தது என்று யாருக்கும் தெரிவதில்லை, இந்த ஊரில் தரையே சாட்சியாகக் கிடக்கிறது என்று சொல்லி, விளை விளையாக நடந்து நிழல்களை எண்ணினாள். பிறகு பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி, கம்பெனி ஆளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசினாள். காத்தாடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, புகை இல்லாமல் வருகிற கரண்ட் நாட்டுக்கு வேண்டும், ஆனால் மூன்று இறக்கையில் ஒன்றுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தால் பறவை கண்டு விலகும், பெரிய பறவை பக்கத்தில் வரும்போது கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் அது தப்பிவிடும், காத்தாடியடியில் செத்தது அழுகினது எதையும் போடாதீர்கள், போட்டால் பறவை தேடி வரும் என்றாள்.

பின்னாலிருந்து ஒருவர், "காத்தாடியும் வேணும்மா, நெழலும் வேணும்" என்றார்.

"பறவை வேண்டாமா?" என்று ஜெபசெல்வி கேட்டாள்.

"அதான் நெழலா இருக்கே" என்றார் அவர்.

ஜெபசெல்வி நோட்டை மூடினாள். கம்பெனியில் கெஞ்சி, ஒவ்வொரு காத்தாடியின் அடியிலும் பெரிய பறவை வந்தால் கூப்பிடவும் என்று ஒரு போன் நம்பரை எழுத வைத்துவிட்டுப் போனாள். யாரும் கூப்பிடவில்லை.

ஆவுடைக்கனி அந்தக் கூட்டத்தில் காதில் வாங்கிக்கொண்டது கடைசி விஷயம் ஒன்றைத்தான். மறுநாள் காலையில் மீன்காரியிடம் தலையும் குடலுமாக ஒரு பெட்டி கேட்டு வாங்கி, தன் காத்தாடியைச் சுற்றிலும் வீசினாள்.

மூன்றாம் நாள் பருந்துகள் பள்ளத்துக்கு வந்தன. ஆறாம் நாள் ஒன்று விழுந்தது. ஆவுடைக்கனி அதன் நிழல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றுக்கட்டில் அளவுக்கு அது விரிந்த அன்று புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தாள். அவர் உட்கார்ந்தார், கஞ்சியைக் குடித்தார், வாளியைக் கழுவினார்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, நேர்மையான மனுஷர் ஆனபடியால், "மேட்டுல காத்து இன்னும் கொஞ்சம் நல்லா வரும்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் இரண்டு பெட்டி வீசினாள். அடுத்த கோடைக்குள் பருந்தும் காக்கையும் கொக்கும் உண்ணிக்கொக்கும் விழுந்து விழுந்து அவள் நிலத்தில் முப்பத்தொரு நிழல் ஆகிவிட்டது. அவளைப் பார்த்து வயிறெரிந்த மற்றவர்கள் கோழிக்குடலும் செத்த ஆடும் கொண்டுவந்து தங்கள் காத்தாடியடியில் போட்டார்கள். மேலவடலிவிளை முழுக்க நாற்றம் எடுத்தது, நிழலோடு நிழல் ஒட்டிக்கொண்டது, வெயில் தரையைத் தொட இடம் தேடியது. ஆவுடைக்கனியின் கடலைச்செடி பூக்கவில்லை. முருங்கையில் காய் நூல் மாதிரி தொங்கியது. வற்றல் போட இடமில்லாமல் அவள் மிளகாயைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். தங்கபுஷ்பம் மட்டும்தான் எதையும் போடவில்லை, அவளுக்குப் பதினேழு பதினெட்டாகவில்லை, அவள் மிளகாய் அவள் நிலத்திலேயே காய்ந்தது. ஆவுடைக்கனிக்கு அதுவும் பொறுக்கவில்லை.

பருந்துகள் ஒழிந்துபோனதால் மீன்தலைக்கு எலிகள் வந்தன. எலிக்குப் பாம்புகள் வந்தன. வைக்கோலில் பாம்பு, கோழிக்கூட்டில் பாம்பு, மோட்டார் அறையில் பாம்பு என்று ஊர் தடியும் கையுமாக நடந்தது. இரண்டு ஆட்டுக்குட்டிகள் செத்தன. பாம்புக்குப் பின்னால்தான் மலையடிவாரத்திலிருந்து அந்த ஜோடி வந்தது.

பாம்புக்கழுகை அவர்கள் முன்பும் தூரத்தில் பார்த்திருந்தார்கள். வெள்ளை வயிறும் மஞ்சள் கண்ணுமாக, காற்றுக்கு எதிரே முகத்தை வைத்து, ஆணியடித்த மாதிரி ஆகாயத்தில் ஒரே இடத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று இறங்கும். ஆணும் பெண்ணும் நாளைக்கு இரண்டு மூன்று பாம்பு தூக்கின. பாம்பு தொங்கத் தொங்க மலையைப் பார்த்துப் பறந்தன. ஊர்க்காரர்கள் நிம்மதியாகக் கோழிக்கூட்டைத் திறந்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த இரண்டும் யார் நிலத்திலும் விழக்கூடாது என்று எல்லோருமே நினைத்தார்கள், ஆவுடைக்கனியைத் தவிர.

பங்குனி கடைசியில் ஒரு மத்தியானம் பெண்கழுகு அவள் காத்தாடியில் அடிபட்டது. ஒரு சத்தம், அவ்வளவுதான். நாற்பது நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. விழுந்த நாழிகைக்குள் நிழல் வில்வண்டி அளவுக்கு விரிந்து, சாயங்காலத்துக்குள் ஒரு களம் அளவுக்கு வந்தது. ஊரே அத்தனை பெரிய நிழலைப் பார்த்ததில்லை. ஆவுடைக்கனி நடுவில் நின்றாள். தங்கபுஷ்பம் மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்து, நிழலில் கால் வைக்காமல் ஓரத்தில் நின்றாள்.

"அக்கா, இது பொட்டைக்கா. பாம்பத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போச்சுன்னா கூட்டுல குஞ்சு இருக்கும்லா."

"உனக்கு ஏன் ஏட்டி எரியுது? உன்கிட்ட இம்புட்டுப் பெருசு இல்லைன்னா?"

தங்கபுஷ்பம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். திரும்பி மேடேறிப் போனாள்.

மறுநாள் உச்சிவேளையில் ஆண்கழுகு வந்தது. அலகில் ஒரு சாரைப்பாம்பு தொங்கியது. நிழலுக்கு நேர் மேலே கொஞ்ச நேரம் காற்றில் நின்றது, இறங்கியது, பாம்பை நிழலின் தலைமாட்டில் வைத்தது, பக்கத்தில் சிறகை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு ஆள் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் அப்படியே இருந்துவிட்டு, யாரும் தொடாத பாம்பை எடுத்துக்கொண்டு குஞ்சிருக்கிற மலைப்பக்கம் போனது. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

ஊர் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தது. பரமார்த்தலிங்கமும் தூக்குவாளியோடு வந்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர் யாரும் இழுத்துவராமல், மேட்டுக்குப் போகாமல் சொந்த நிலத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார், ஆனால் கண் கழுகின் மேலேயே இருந்தது.

"பாத்தியா பிள்ள, எப்பிடி இருக்குன்னு" என்றார்.

ஆவுடைக்கனி பார்த்தாள். தினமும் பார்த்தாள். உயிரோடு இருக்கிற தனக்கு ஒரு நாளும் கிடைக்காத ஒன்று, செத்துப்போய் மண்ணில் கறுப்பாகக் கிடக்கிற அதற்குத் தினம் தினம் உச்சிவேளை தவறாமல் கிடைப்பதைப் பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் மேல் இருந்தது பொறாமையே இல்லை என்று தோன்றுகிற அளவுக்கு ஒன்று அவளுக்குள் எழுந்தது.

"நான் செத்துப்போனா நீங்க எங்க இருந்து கஞ்சி குடிப்பிய?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "நீ செத்தா உன் நெழல் கெடக்கவா போகுது?" என்றார்.

அன்றைக்கு அவள் நிழலைத் துடைப்பத்தால் பெருக்கினாள். சாணியைக் கரைத்து ஊற்றினாள். அதன் மேல் நாயைக் கட்டிப் போட்டாள், கழுகைக் கண்டதும் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கழுகு சாணி காய்ந்த நிழலின் பக்கத்தில் எப்போதும்போல் உட்கார்ந்துவிட்டுப் போனது.

வைகாசி பிறந்து காற்று முறுக ஆரம்பித்தது. காத்தாடிகள் இரைந்தன. ஒரு மத்தியானம் கழுகு வந்து நிழலுக்கு மேலே நின்றபோது காற்று அதைப் பின்னால் தள்ளியது. அது சிறகைச் சாய்த்து முன்னால் வந்தது, காற்று மறுபடியும் தள்ளியது. பின்னால் இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதற்குத் தரையைத் தவிர வேறு பார்வை இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ கையைத் தட்டி விரட்டினார்கள், அது அசையவில்லை.

ஆவுடைக்கனியும் எழுந்தாள். இந்தக் கழுகின் நிழலும் விழுந்தால் அதற்கு மிஞ்சிய நிழல் கணவாய்க்கு இந்தப் பக்கம் எங்கும் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். அது விழப்போகிற இடமும் தெரிந்தது. பெண்கழுகின் நிழலை ஒட்டி, சிறகோடு சிறகாக விழும், பிறகு இரண்டும் பிரியாது, காலையிலும் மத்தியானத்திலும் மழையிலும், அவள் கிழவியாகித் தடியூன்றி வருகிற நாளிலும் அந்த இரண்டும் அவள் கண்ணெதிரே ஒன்றாகப் படுத்துக் கிடக்கும்.

அவள் காத்தாடியடிக்கு ஓடினாள். அங்கே எழுதியிருந்த நம்பரை இடுப்பிலிருந்த போனில் அழுத்தினாள். கம்பெனி ஷெட்டில் டேவிட்சன் என்ற ஆபரேட்டர் எடுத்தான்.

"நிறுத்துல! அந்தச் சனியன நிறுத்து!"

"யாரு பேசுறது?"

"ஆவுடைக்கனி. பள்ளத்துக் காத்தாடி. நிறுத்துல மொதல்ல!"

"எதுக்கும்மா?"

"ரெண்டையும் ஒண்ணாச் சேரவிட மாட்டேன்!" என்று அவள் கத்தினாள். காற்றின் இரைச்சலில் டேவிட்சனுக்கு அது விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டவனுக்குக் கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

இறக்கைகள் காற்றுப் பிடிக்காதபடி திரும்பிக்கொண்டு வேகம் குறைந்தன. கழுகு பின்னால் சரிந்து, ஒரு இறக்கைக்கும் அடுத்த இறக்கைக்கும் நடுவே ஒரு முறை சுழன்று, அந்தப் பக்கம் வெளியே வந்தது. உயிரோடு வந்தது. ஊர் கத்தியது. பரமார்த்தலிங்கம் கஞ்சி வாளியைத் தட்டிவிட்டதுகூடத் தெரியாமல் நின்றார்.

விஷயம் கேட்டு ஜெபசெல்வி மறுநாள் பஸ் பிடித்து வந்தாள். ஆவுடைக்கனியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ரெண்டு உயிரைக் காப்பாத்திருக்கீங்க அக்கா, அதையும் குஞ்சையும். உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று அழுதாள். தங்கபுஷ்பமும் வந்து அவள் தோளைத் தொட்டாள். ஆவுடைக்கனி தரையைப் பார்த்தபடி நின்றாள். தன் மனசின் அளவு அவளுக்குத் தெரியும், அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. கம்பெனி இறக்கைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தது. நிறுத்துகிற நேரம் நாளில் கால்மணிக்கு மேல் போகவில்லை, கரண்ட் பெரிதாகக் குறையவும் இல்லை. ஆவுடைக்கனியையே காவலுக்கு வைத்தார்கள், அவளிடம் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். காத்தாடியடியில் கோழிக்குடல் கொட்ட வந்தவர்களை அவளே திட்டி விரட்டினாள். எலி குறைந்தது, பாம்பு குறைந்தது, மாசத்துக்கொரு நிழல் விழுந்தாலே அதிகம் என்றானது.

குஞ்சு வளர்ந்து ஆடியில் தனியே பறந்து போய்விட்டது. ஆண்கழுகு மட்டும் உச்சிவேளைக்கு வருவதை விடவில்லை. அது தூரத்தில் புள்ளியாகத் தெரிந்ததும் அவள் போனை எடுப்பாள், காத்தாடி நிற்கும், கழுகு இறங்கி நிழலின் பக்கத்தில் உட்காரும். யாரைப் பார்த்து வயிறெரிந்தாளோ அவர்களுடைய சந்திப்புக்கே காவல் இருக்கிற வேலை அவளுக்கு வந்து சேர்ந்தது. இடத்தை விட்டு நகர முடியாததால் பரமார்த்தலிங்கம் அவளுக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தார், பக்கத்தில் உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார். தன்னோடு இருக்க வருகிறாரா, கழுகைப் பார்க்க வருகிறாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள், அவர் டவுனுக்குப் போயிருந்தார், அவள் மட்டும் இருந்தாள். கழுகு வழக்கமான நேரத்துக்கு வந்தது. தொலைநோக்கியில் பார்த்தாள், அதன் பின்னால் இன்னொன்று வந்தது. கொஞ்சம் பெரிசு. பெண்.

இரண்டும் வட்டமிட்டன. ஆண் அலகிலிருந்த பாம்பை நீட்டியது, புதியவள் பறந்தபடியே வாங்கிக்கொண்டாள். இரண்டும் கீழே இறங்கவில்லை.

ஆவுடைக்கனிக்கு முதலில் சிரிப்பு வந்தது. இத்தனை மாசமாக நீ பட்ட பவுசுக்கு வந்து சேர்ந்ததைப் பார் என்று சொல்வதற்காகத்தான் நிழலைப் பார்த்துத் திரும்பினாள். மழை ஓய்ந்து தரையில் காற்று ஒரு பொட்டு இல்லை, ஆனாலும் நிழலின் ஓரங்கள் அடித்துக்கொண்டிருந்தன. மண்ணைவிட்டு எழ முடியாமல், அடித்து அடித்துத் தணிந்து, மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தன.

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. வீட்டுக்குப் போய்க் கொடியில் கிடந்த சேலையை உருவிக்கொண்டு வந்தாள். ஒரு சேலை போதவில்லை, வீட்டில் இருந்த அத்தனையையும் அள்ளிவந்தாள். நிழலின் தலைமாட்டிலிருந்து தொடங்கி, ஆகாயம் தெரியாதபடி சேலைகளை விரித்து, முனைகளில் கல் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, துணிக்கு அடியில் அடித்துக்கொண்ட இடத்தில் கையை அழுத்தி வைத்தாள்.

"பாக்காத ஏட்டி" என்றாள். "பாக்காத."

மேலே இரண்டும் விளையாட்டு மும்முரத்தில் காத்தாடிப் பக்கம் சரிந்துகொண்டிருந்தன. மேல்காற்றில் இறக்கைகள் மெதுவாகத்தான் சுற்றின, ஆனால் சுற்றின. அவள் போனை எடுத்தாள். டேவிட்சன் எடுத்து, "சொல்லுங்கம்மா" என்றான். கைக்கு அடியில் அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. "அம்மா, இருக்கீங்களா?" என்று அவன் இரண்டாம் தரம் கேட்டான்.

"நிறுத்துப்பா" என்றாள் ஆவுடைக்கனி. "இன்னைக்கு ரெண்டு வருது."